கொரிய எல்லைப் பகுதிக்குச் சுற்றுலா: சேலத்திலிருந்து செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம், ஏற்காடு, ஓமலூர், ஆத்தூர் வட்டாரங்களிலிருந்து தென் கொரியாவுக்குச் செல்வோருக்குப் பயண ஏற்பாடுகள் செய்து தருவது எங்கள் தொழில். சியோலில் படிக்கும் மகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர், கொரியத் தொடர்களைப் பார்த்து ஆசைப்பட்டுக் கிளம்பும் இளையோர், வணிகத்துக்காகச் செல்வோர் எனப் பலரும் வருகிறார்கள். அரண்மனைகளையும் ஜேஜு தீவையும் பற்றிப் பேசி முடித்தபின், எழுந்து போகும் நேரத்தில் பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: "வட கொரியா எல்லைக்குப் போய்ப் பார்க்க முடியுமாமே, உண்மையா?" உண்மைதான். அதையொட்டி எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

எல்லை என்றால் ஒரு வேலியா? அங்கே என்னதான் இருக்கிறது?

வேலி உண்டு, ஆனால் வேலி மட்டும் இல்லை. 1950 ஜூன் 25 அன்று தொடங்கிய கொரியப் போர் 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்த உடன்படிக்கையால் நின்றது. அன்று படைகள் நின்ற நிலையை ஒட்டி, மேற்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு வரையப்பட்டது. அக்கோட்டிலிருந்து இரு தரப்பும் 2 கிலோமீட்டர் பின்வாங்க, நடுவே 4 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை மிஞ்சியது. ராணுவம் விலக்கப்பட்ட மண்டலம் என்றும் சுருக்கமாக டி.எம்.இசட். என்றும் சொல்லப்படுவது இதுதான். அதற்குத் தெற்கே, பொதுமக்கள் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்ட இன்னொரு பகுதி சில கிலோமீட்டர் அகலத்துக்கு உண்டு. அங்கே வயல்களும் கிராமங்களும் இருக்கின்றன. உள்ளே செல்லச் சோதனைச் சாவடியில் அடையாளச் சான்று காட்ட வேண்டும். சுற்றுலாப் பயணிகள் பார்ப்பவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டாவது பகுதியிலும் அதன் ஓரத்திலும்தான் இருக்கிறது.

உடன்படிக்கையில் ஐக்கிய நாடுகள் படைத் தலைமையும் வட கொரியப் படையும் சீனத் தன்னார்வப் படையும் கையெழுத்திட்டன. தென் கொரியா கையெழுத்திடவில்லை. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை ஏற்படவில்லை என்பதால், சட்டத்தின் பார்வையில் போர் முடியவில்லை, நின்றிருக்கிறது, அவ்வளவே.

பள்ளியில் 38 பாகை அட்சக்கோடுதான் எல்லை என்று படித்தோமே?

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் தறுவாயில், சோவியத் படைகள் எதுவரை, அமெரிக்கப் படைகள் எதுவரை என்று முடிவு செய்ய வாஷிங்டனில் இரண்டு இளம் அதிகாரிகள் ஒரு நாட்டுப்படத்தை வைத்துக்கொண்டு அவசரமாகத் தேர்ந்தெடுத்த கோடு அது. போருக்குப் பிந்தைய கோடு வேறு. மேற்கே அது 38 பாகைக்குத் தெற்கே இறங்குகிறது, கிழக்கே வடக்கு நோக்கி ஏறுகிறது. இதனால் போருக்கு முன் தெற்கில் இருந்த கேசோங் நகரம் இன்று வடக்கில் இருக்கிறது. வடக்கில் இருந்த சொர்வொன், சொக்சோ ஆகிய ஊர்கள் தெற்குக்கு வந்துவிட்டன. வீட்டை விட்டு எங்கும் நகராமலே ஆட்சி மாறிப்போன மக்கள் இரு பக்கமும் இருந்தார்கள். எல்லைப் பகுதியைப் பார்க்கப் போகிறவர் இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், வழிகாட்டி சொல்லும் பாதிக் கதைகள் தாமாகவே விளங்கிவிடும்.

வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். பாதுகாப்புதானா?

அங்கீகரிக்கப்பட்ட சுற்றுலாவில் செல்லும்வரை, அன்றாட நிலையில் பயப்பட வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளும் முதியோர் குழுக்களும் பேருந்து பேருந்தாக வந்து போகும் இடம் அது. பதற்றம் கூடும் நாள்களில் ராணுவம் சுற்றுலாவையே நிறுத்திவிடும். ஆகவே பயணிக்கு நேரக்கூடியது பெரும்பாலும் ஏமாற்றம்தான், ஆபத்து அன்று.

அந்தப் பதற்றம் எப்படி இருக்கும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டுகள் உண்டு. 2024இல் வட கொரியா குப்பை மூட்டைகளைக் கட்டிய பலூன்களைத் தெற்கே பறக்கவிட்டது. தெற்கு, எல்லையில் ஒலிபெருக்கிகளை மறுபடி முழங்கவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று, இரு நாடுகளையும் இணைத்த சாலைகளின் வடபகுதியை வட கொரியா வெடிவைத்துத் தகர்த்தது. 2025 ஜூனில் தென் கொரியாவில் புதிய அரசு அமைந்ததும் ஒலிபெருக்கிகள் நிறுத்தப்பட்டன. இத்தனைக்கும் நடுவில், சியோலில் மக்கள் வேலைக்குப் போய்க்கொண்டும் கடைத்தெருவில் பேரம் பேசிக்கொண்டும்தான் இருந்தார்கள்.

மெய்யான ஆபத்து ஒன்று உண்டு: கண்ணிவெடி. போர்க்காலத்திலும் அதற்குப் பின்னரும் புதைக்கப்பட்டவை இன்னும் மண்ணில் கிடக்கின்றன. பெருமழைக் காலத்தில் சில இடம் பெயர்ந்து ஆற்றோரங்களில் ஒதுங்குகின்றன. கம்பியில் சிவப்பு முக்கோணப் பலகை தொங்கினால் அதற்கு அப்பால் ஓரடியும் வைக்கக் கூடாது. நல்ல படம் கிடைக்கும் என்றோ, அவசரத்துக்கு ஒதுங்க என்றோ பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

பன்முன்ஜோமின் நீல நிறக் கட்டடத்துக்குள் நின்று, ஒரு காலை வட கொரியாவில் வைக்கலாம் என்கிறார்களே?

பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. கூட்டுப் பாதுகாப்புப் பகுதி என்று அழைக்கப்படும் அவ்விடத்தில், கோட்டின்மேல் அமைந்த நீல நிறக் கூடங்களில் ஒன்றுக்குள் பயணிகளை அழைத்துச் செல்வார்கள். கோடு கூட்ட மேசையின் நடுவே செல்வதால், மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனால் வட கொரியாவில் நிற்பதாகக் கணக்கு. 2018 ஏப்ரல் 27 அன்று இரு கொரியத் தலைவர்களும் கைகோத்துக் கடந்தது இந்தக் கூடங்களுக்கு இடையே தரையில் கிடக்கும் தாழ்ந்த கான்கிரீட் விளிம்பைத்தான். 2019 ஜூன் 30 அன்று டிரம்ப் வட கொரியத் தலைவரைச் சந்தித்துக் கடந்ததும் அதே இடம்.

ஆனால் 2023 ஜூலை 18 அன்று, சுற்றுலாக் குழுவோடு வந்த ஓர் அமெரிக்க வீரர் திடீரென்று கோட்டைத் தாண்டி வடக்கே ஓடிவிட்டார். சுற்றுலா அன்றே நிறுத்தப்பட்டது. அதன்பின் சிறிது காலம் திறப்பதும் மறுபடி மூடுவதுமாகவே இருந்து வருகிறது. இதை இயக்குவது ஐக்கிய நாடுகள் படைத் தலைமை; தென் கொரியப் பயண நிறுவனம் நினைத்தாலும் திறக்க முடியாது. இந்த இடத்தை மட்டும் நம்பி யாரும் விமானச் சீட்டு எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான ஆலோசனை. "டி.எம்.இசட். சுற்றுலா" என்று விற்கப்படுவனவற்றில் பெரும்பாலானவை பன்முன்ஜோமுக்குச் செல்வதே இல்லை. பணம் கட்டுமுன் அந்தப் பெயர் பயணத் திட்டத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருக்கும் காலத்தில் போக வாய்த்தால், கடவுச்சீட்டு விவரங்களை முன்கூட்டியே அனுப்ப வேண்டும், சில நாட்டவருக்குக் கூடுதல் அவகாசம் தேவைப்படும், கிழிந்த ஜீன்ஸும் கையில்லாத சட்டையும் ஆகா, சிறு பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை, எதிர்ப்பக்க வீரர்களை நோக்கிக் கை நீட்டவோ கையசைக்கவோ கூடாது.

அங்கே ஒழுங்கு இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1976 ஆகஸ்ட் 18 அன்று, பார்வையை மறைத்த ஒரு பாப்லர் மரத்தின் கிளைகளை வெட்டப் போன குழுவை வட கொரிய வீரர்கள் தாக்கியதில் இரண்டு அமெரிக்க அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். ஒரு மரக்கிளை, இரு நாடுகளை மறுபடி போரின் விளிம்புவரை கொண்டுபோன கதை அது.

விசாவுக்கு என்ன செய்ய வேண்டும்? எல்லைக்குப் போனதாகக் கடவுச்சீட்டில் முத்திரை விழுமா?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்குத் தென் கொரிய விசா கட்டாயம். கே-இடிஏ எனும் இணைய அனுமதி விசா விலக்குள்ள நாட்டவருக்கானது, நமக்குப் பொருந்தாது. சென்னையில் கொரியத் துணைத் தூதரகம் இருப்பதால் தில்லிக்கு அலைய வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, வேலை அல்லது தொழில் சான்று ஆகியவற்றைச் சரியாக வைத்து, ஒரு மாதத்துக்கும் மேல் அவகாசம் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவர், தொழில் பெயரில் ஒரு கணக்கும் சொந்தப் பெயரில் ஒரு கணக்கும் வைத்திருந்து இரண்டையும் விளக்காமல் விட்டதால், கூடுதல் விவரம் கேட்டு விண்ணப்பம் நின்றுபோனது. சிறுதொழில் செய்வோர் ஒரு பக்க விளக்கக் கடிதம் இணைப்பது நல்லது.

எல்லைச் சுற்றுலாவுக்குத் தனி விசா கிடையாது. நீங்கள் தென் கொரியாவை விட்டு வெளியேறுவதில்லை என்பதால், ஒருமுறை நுழைவு விசாவே போதும், முத்திரையும் விழாது. ஆனால் அசல் கடவுச்சீட்டு அன்று கையில் இருந்தே ஆக வேண்டும். நகலையும் கைப்பேசிப் படத்தையும் சாவடியில் ஏற்க மாட்டார்கள்.

குழுவோடு போவதா, நாமே போவதா?

முதல் முறை செல்வோர் சியோலிலிருந்து பேருந்தில் கூட்டிச் செல்லும் ஒருநாள் சுற்றில் சேர்வதே எளிது. நிதானமாகப் பார்க்க விரும்புவோர், சியோல் புறநகர் ரயிலில் முன்சான் வரை சென்று, அங்கிருந்து பேருந்திலோ டாக்சியிலோ இம்ஜின்காக் பூங்காவை அடைந்து, உள்ளே செல்லும் அரசு பேருந்துச் சுற்றுக்கு அங்கேயே சீட்டு வாங்கலாம். முதலில் வருவோருக்கே முதலிடம். சீட்டுகள் எண்ணிக்கையில் அடங்கியவை. எனவே காலையிலேயே போய்விட வேண்டும். திங்கள்கிழமை விடுமுறை. வழி தேடக் கூகுள் மேப்பை மட்டும் நம்பாமல் நேவர் மேப் எனும் கொரியச் செயலியும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் சுற்றில் எவற்றைக் காட்டுவார்கள்?

பொதுவாக நான்கைந்து இடங்கள். எல்லாம் பாஜு நகர எல்லைக்குள், சியோல் மையத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன.

முதலில் இம்ஜின்காக். 1972இல் அமைக்கப்பட்ட இந்தப் பூங்காவுக்குள் போக அனுமதி எதுவும் தேவையில்லை. பலர் இதை "பேருந்து நிற்கும் இடம்" என்று எண்ணிக் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் பார்வையில் அந்த நாளின் சாரமே இங்குதான் இருக்கிறது. துருவேறிய ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. 1950ஆம் ஆண்டின் கடைசி நாளன்று ஜாங்தான் நிலையத்தில் நின்றுபோய், பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேல் மண்டலத்துக்குள்ளேயே கிடந்த எஞ்சின். அதன் உடலில் 1,020 குண்டுத் துளைகளை எண்ணியிருக்கிறார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால், கொதிகலன் தகட்டில் சில துளைகளின் விளிம்பு உள்நோக்கி மடிந்திருப்பது தெரியும். சக்கரங்கள் வளைந்து நெளிந்திருக்கின்றன. எஞ்சினின்மேல் முளைத்து வளர்ந்திருந்த ஒரு முசுக்கொட்டைச் செடியைப் பிடுங்கி எறியாமல் அருகிலேயே நட்டு வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து சில அடிகளில் விடுதலைப் பாலம். 1953இல் 12,773 போர்க் கைதிகள் இதன் வழியாகத் தெற்கே திரும்பினார்கள். பாலம் முடியும் இடத்தில் கம்பி வேலி, அதில் ஆயிரக்கணக்கான வண்ண நாடாக்கள். அதையடுத்து வடக்கு நோக்கிய ஒரு கல் மேடை. வடக்கில் பிறந்து திரும்பிப் போக முடியாதவர்கள், சந்திரப் புத்தாண்டன்றும் சூசொக் எனும் அறுவடைத் திருநாளன்றும் இங்கே பழமும் பண்டமும் படைத்து, பார்க்க முடியாத மூதாதையர் கல்லறைகளின் திசையை நோக்கி விழுந்து வணங்குகிறார்கள். அமாவாசைக்குக் காவிரிக் கரையில் தர்ப்பணம் செய்து பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து பேருந்து ஒன்றிப்புப் பாலத்தைக் கடக்கும். நடுவில் வீரர்கள் ஏறிக் கடவுச்சீட்டுகளைச் சரிபார்ப்பார்கள். 1998 ஜூனில் ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜூ-யுங் 500 மாடுகளை லாரிகளில் ஏற்றி வடக்கே கொண்டுபோனது இந்த வழியாகத்தான். இன்று வடக்கில் இருக்கும் ஊரில் பிறந்த அவர், இளமையில் தந்தை மாடு விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியவர். அந்தக் கடனை அடைக்கப் போகிறேன் என்று சொல்லித்தான் கிளம்பினார்; அக்டோபரில் இன்னும் 501 மாடுகள் போயின. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அந்த நிறுவனத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்துப் பழகிய நமக்கு, இந்தப் பாலத்தில் அந்தப் பெயருக்கு வேறோர் அர்த்தம் சேர்கிறது.

மூன்றாம் சுரங்கமும் டோரா கண்காணிப்பகமும் கீழே தனிக் கேள்விகளாக வருகின்றன. டோராசான் ரயில் நிலையம் சுற்றில் இருந்தால், அது பயணிகளே இல்லாத, பளபளப்பான நிலையம், "பியோங்யாங் 205 கி.மீ., சியோல் 56 கி.மீ." என்ற பலகை மாட்டியிருக்கிறது. 2007 டிசம்பர் முதல் ஏறத்தாழ ஓராண்டு சரக்கு ரயில் இங்கிருந்து வடக்கே போய் வந்தது, பிறகு நின்றது.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. சுரங்கத்துக்குள் இறங்கலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் பதில். வட கொரியா இரகசியமாகத் தோண்டியதாகத் தெற்கு கண்டுபிடித்த சுரங்கங்கள் நான்கு: 1974, 1975, 1978, 1990ஆம் ஆண்டுகளில் தெரிய வந்தவை. இவற்றுள் பயணிகள் மிகுதியாகச் செல்வது மூன்றாவது. மொத்த நீளம் 1,635 மீட்டர், உயரமும் அகலமும் ஏறத்தாழ 2 மீட்டர், தரைமட்டத்திலிருந்து 73 மீட்டர் ஆழம். ஒரு மணி நேரத்தில் 30,000 வீரர்கள் இதன் வழியே வர முடியும் என்பது தென் கொரியாவின் கணக்கு. தாங்கள் நிலக்கரி தோண்டியதாக வடக்கு சொன்னது. சுவரில் கரிப்பூச்சும் இருந்தது. ஆனால் பாறையோ கருங்கல்.

பயணிகளுக்காகத் தெற்கு வெட்டிய சாய்வு வழி 350 மீட்டருக்கும் மேல். இறங்கும்போது எளிதாகத் தோன்றும். திரும்பி ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். சுரங்கத்துக்குள் குனிந்து நடக்க வேண்டும், சராசரி உயரமுள்ளவருக்கே தலைக்கவசம் பாறையில் "டக்" என்று இடிக்கும். நீர் கசிந்து தரை ஈரமாக இருக்கும். மூட்டு வலி, இதய நோய், ஆஸ்துமா, அடைபட்ட இடத்தில் பதற்றம் ஆகியவை உள்ளவர்கள் மேலேயே இருந்துவிடலாம். காட்சிக்கூடமும் குறும்படமும் உண்டு. சிறிய மோனோரயில் ஓடும் நாள்களும் உண்டு, ஓடாத நாள்களும் உண்டு. அதை நம்பி இறங்க வேண்டாம். உண்மையைச் சொன்னால், முட்டுச் சுவர்வரை போய்விட்டு வருவதைத் தவிர உள்ளே பார்க்க அதிகமில்லை. அம்மா எதையும் இழந்துவிடப் போவதில்லை.

டோரா கண்காணிப்பகத்திலிருந்து வட கொரியர்களைப் பார்க்க முடியுமா?

வானம் தெளிந்திருந்தால் முடியும். ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று தொலைநோக்கி வழியே சேலத்தைப் பார்ப்பது போலத்தான் ஏற்பாடு. ஆனால் இங்கே கீழே தெரிகிற ஊருக்குப் பேருந்து கிடையாது. கேசோங் நகரின் ஓரமும், 2016 பிப்ரவரியில் மூடப்பட்ட கேசோங் தொழிற்பேட்டையும் தெரியும். அங்கே தெற்கு நிறுவனங்களில் வடக்குத் தொழிலாளர்கள் 50,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்த காலம் ஒன்று இருந்தது. மண்டலத்துக்குள் எதிரெதிரே இரண்டு கிராமங்கள்: தெற்கில் தேசொங்-டோங், வடக்கில் கிஜொங்-டோங். தெற்குக் கொடிக்கம்பத்தின் உயரம் ஏறத்தாழ 100 மீட்டர். வடக்கு பதிலுக்கு எழுப்பியது 160 மீட்டர். தெற்குக் கிராமத்தாருக்கு வரியும் கட்டாய ராணுவச் சேவையும் கிடையாது. ஆனால் இரவில் ஊரடங்கு உண்டு.

வயலில் குனிந்து நிற்கும் ஒருவரோ, மிதிவண்டியில் செல்லும் ஒருவரோ தொலைநோக்கியில் அகப்படலாம். அப்போது சுற்றியிருக்கும் கூட்டம் கத்திக் கூப்பிட்டுக் காட்டும் விதம் எங்களுக்கு உவப்பானதன்று. அவர் உழவர், அவ்வளவுதான்.

இந்த எல்லைக்கும் இந்தியாவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. பெரும்பாலான வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

போருக்கு இந்தியா சண்டையிடும் படையை அனுப்பவில்லை. 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். 1951 மார்ச் 23 அன்று அமெரிக்க வான்குடைப் படை முன்சானில் குதித்தபோது, காயம்பட்டோரைக் காக்க இந்த இந்திய மருத்துவர்களும் உதவியாளர்களும் சேர்ந்தே குதித்தார்கள். எல்லைக்குப் போகும் ரயிலில் நீங்கள் இறங்கும் அதே முன்சான்தான். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

போர் நின்றபின் பெரிய சிக்கலாக நின்றது கைதிகள் பிரச்சினை. சொந்த நாட்டுக்குத் திரும்ப மறுத்த கைதிகள் 22,000க்கும் மேற்பட்டோர். அவர்களை நடுநிலையோடு பாதுகாக்கும் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. நடுநிலை நாடுகள் ஆணையத்துக்கு ஜெனரல் திம்மய்யா தலைவர். காவல் படைக்கு ஜெனரல் தோரட் தலைவர். இந்திய வீரர்கள் தன் மண்ணை மிதிக்கவே கூடாது என்று அன்றைய தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ பிடிவாதம் பிடித்ததால், இஞ்சொன் துறைமுகத்தில் வந்த நம் வீரர்கள் ஹெலிகாப்டர்களில் ஏற்றப்பட்டு நேரே மண்டலத்துக்குள் இறக்கப்பட்டார்கள். அவர்கள் கூடாரமிட்ட இடத்துக்கு ஹிந்த் நகர் என்று பெயர். வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்று சொன்ன 88 கைதிகளை 1954 பிப்ரவரியில் அவர்கள் தம்முடன் கப்பலில் சென்னைக்கே அழைத்து வந்தார்கள். பிறகு அவர்களில் பலர் பிரேசில், அர்ஜென்டினா போன்ற நாடுகளுக்குப் போய்க் குடியேறினார்கள்.

பிறர் துயரத்தை வேடிக்கை பார்ப்பதாகாதா?

ஏற்காடு காபித் தோட்டம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இதைக் கேட்டார், நியாயமான கேள்வி. போகும் விதத்தைப் பொறுத்தது என்றே சொல்வோம்.

1983இல் தென் கொரியாவின் கே.பி.எஸ். தொலைக்காட்சி, போரில் பிரிந்த உறவினரைத் தேடும் நேரடி ஒளிபரப்பைத் தொடங்கியது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் என்று திட்டமிட்டது 138 நாள்கள் நீண்டது. தெற்குக்குள்ளேயே ஒருவரையொருவர் அறியாமல் வாழ்ந்த 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. வடக்கில் உறவினரைக் கொண்டவர்களின் நிலை வேறு. 1988 முதல் 1,30,000க்கும் மேற்பட்டோர் சந்திப்புக்குப் பெயர் பதிந்தார்கள். 2000 முதல் அரசுகள் அவ்வப்போது நடத்திய நேரடிச் சந்திப்புகளில் சிறு பங்கினருக்கே வாய்ப்புக் கிடைத்தது. கடைசிச் சந்திப்பு 2018 ஆகஸ்டில் நடந்தது. பதிந்தவர்களில் பெரும்பாலோர் இன்று உயிரோடில்லை.

இம்ஜின்காக் மேடையருகே முதியவர் ஒருவர் தனியே நிற்பதைக் கண்டால் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு விலகி நடப்பது, வேலி நாடாக்களில் விளையாட்டாக எதையும் எழுதாமல் இருப்பது, ராணுவத் தொப்பி மாட்டிக்கொண்டு "சல்யூட்" அடிக்கும் ரீல்ஸ் எடுக்காமல் இருப்பது ஆகியவை நாம் செய்யக்கூடியவை. அதே பூங்காவில் ராட்டினமும் கேபிள் காரும் இருப்பது நம்மவர் சிலருக்கு நெருடுகிறது. அங்குள்ள மக்களே பிள்ளைகளைக் கூட்டி வந்து ராட்டினத்தில் ஏற்றுகிறார்கள். அவர்களுக்கு இல்லாத சங்கடத்தை நாம் சுமக்க வேண்டாம்.

இன்னொரு நாள் கிடைத்தால் எங்கே போகலாம்?

சொர்வொனுக்குப் போங்கள். பாஜுவுக்குப் போகும் கூட்டத்தில் சிறு பகுதிதான் இங்கே வருகிறது. எரிமலைக் குழம்பு பரவி உருவான சமவெளி, அதன் நடுவே பசால்ட் பாறைகளை அறுத்துக்கொண்டு ஓடும் ஹன்டான் ஆறு. 2020இல் யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்காவாக ஏற்கப்பட்ட பகுதி. ஊர் வடக்கின் ஆட்சியில் இருந்தபோது, 1946இல் கட்டப்பட்ட தொழிலாளர் கட்சி அலுவலகம், கூரையின்றிச் சுவர்கள் மட்டுமாக நிற்கிறது. கண்டுபிடிக்கப்பட்ட இரண்டாம் சுரங்கமும் இந்தப் பக்கம்தான். குளிர்காலத்தில் சிவப்பு உச்சிக் கொக்குகளும் வெண்பிடரிக் கொக்குகளும் அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லைப் பொறுக்க வருகின்றன; மனிதர் நுழையாத மண்டலம் அவற்றுக்குப் புகலிடம். பறவை பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் பாஜுவை விட்டுவிட்டுக்கூட இங்கே வரலாம்.

நேரம் குறைவென்றால், அனுமதி தேவைப்படாத ஒதுசான் கண்காணிப்பகம் சியோலுக்கு அருகில் உண்டு. அங்கே ஹான் ஆறும் இம்ஜின் ஆறும் கூடுமிடத்துக்கு அப்பால் தெரியும் கரை வட கொரியா.

எந்த மாதம் போகலாம்? ஏற்காட்டு ஸ்வெட்டர் போதுமா?

ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர் பிற்பகுதி முதல் நவம்பர் தொடக்கம் வரையும் ஏற்றவை. ஜூன் இறுதி முதல் ஜூலை வரை மழை. தொலைநோக்கியில் மூட்டம் மட்டுமே தெரியும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே பத்துப் பாகை இறங்குவது வழக்கம், சொர்வொனில் இன்னும் கீழே. ஏற்காட்டு ஸ்வெட்டர் அங்கே உள்ளாடைக்கு அடுத்த அடுக்குதான். அதன்மேல் காற்றுப் புகாத தடித்த கோட்டும், கையுறையும், காதை மூடும் குல்லாவும் வேண்டும்.

நாங்கள் சைவம். அன்று மதியம் சாப்பாட்டுக்கு என்ன வழி?

சுற்றோடு தரப்படும் மதிய உணவு பெரும்பாலும் இறைச்சிதான். முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். கிம்ச்சி எனும் காய்கறி ஊறுகாயில் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்வது வழக்கம். சூப்புகள் நெத்திலிக் கொதிநீரில் செய்யப்படுபவை. எனவே "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது. இறைச்சியும் முட்டையும் இல்லாமல் பிபிம்பாப் கேட்கலாம். காய்கறிகளும் சோறும் மிளகாய் விழுதும் கலந்தது, நம் நாக்குக்குப் பிடிக்கும். பொதுமக்கள் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்ட பகுதிக்குள் இருக்கும் தொங்கில்-சொன் கிராமம் ஜாங்தான் சோயாவுக்குப் பெயர்போனது. அங்கே வீட்டில் செய்த தோஃபு கிடைக்கும். கையில் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் வைத்துக்கொள்வோர் சங்கடப்பட்டதில்லை.

அப்படியே வட கொரியாவுக்குள்ளும் போய் வர முடியுமா?

தெற்கிலிருந்து முடியாது. வடக்குக்குச் செல்லும் சுற்றுலா வேறு நாடுகள் வழியாகத்தான். 2020இல் பெருந்தொற்றுக்காக மூடப்பட்டபின் அதுவும் மிகக் குறுகிய அளவிலேயே திறந்திருக்கிறது. இந்த ஆசையை இந்தப் பயணத்தோடு சேர்க்க வேண்டாம்.

படம் எடுப்பதற்கு விதிகள் உண்டா? என்னென்ன கொண்டுபோகக் கூடாது?

சுரங்கத்துக்குள் படமெடுக்கத் தடை. பைகளைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். சோதனைச் சாவடி, வீரர்கள், கண்காணிப்புக் கோபுரம் ஆகியவற்றை எங்கும் படமெடுக்காதீர்கள். வழிகாட்டி "இப்போது எடுக்கலாம்" என்று சொல்லும் இடத்தில் மட்டும் எடுங்கள். எடுத்ததை அழிக்கச் சொன்னால் வாதாடாமல் அழித்துவிடுங்கள். டிரோன் கொண்டுபோகவே வேண்டாம்.

விமானப் பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். மகளுக்கென்று சேலத்து மாம்பழத்தைத் துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்துக் கொண்டுபோக நினைப்போர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். தாவர நோய்த் தடுப்புச் சான்றில்லாத பழங்களும், இறைச்சிப் பண்டங்களும் இஞ்சொன் விமான நிலையத்தில் பறிமுதலாகும். அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதமும் விழும். மாம்பழத்துக்குப் பதில் வறுத்து அரைத்த ஏற்காட்டுக் காபித் தூளைக் கட்டிக் கொடுங்கள். சுங்க அறிவிப்புப் படிவத்தில் அதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.